அடுப்படியில்தான் ஆட்டம்

‘குக் வித் கோமாளி’ ஆறு சீசன் ஆடி முடித்துவிட்டது. தருமபுரி பேருந்து நிலையத்தை ஒட்டிய டீக்கடைகளில் அதைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால் முதலில் வருவது, “முன்ன மாதிரி இல்லீங்க” என்கிற தீர்ப்பு. கேட்டவுடன் தலையாட்டத் தோன்றும். ஆனால் கபடியில் தொடங்கி கிரிக்கெட் வரை எந்த ஆட்டத்தைப் பற்றியும் நாம் சொல்கிற வாசகம்தான் அது. அலசலுக்கு அது போதாது. எது குறைந்தது, எந்த சீசனில் குறைந்தது, ஏன் குறைந்தது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

பார்ப்பவர்கள் அடுக்கும் காரணங்கள் மூன்று. நடுவர் மேசை மாறிவிட்டது. அதே முகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. காமெடி கூடி, சமையல் குறைந்துவிட்டது. மூன்றிலும் உண்மை உண்டு. ஆனால் மூன்றுக்கும் அடியில் நான்காவதாக ஒன்று இருக்கிறது, அதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை: கோமாளி பண்ணுகிற சேட்டை தட்டில் போய் விழுவது நின்றுவிட்டது.

விதி ஒரு வரி

2019 நவம்பரில் விஜய் டிவியில் தொடங்கியபோது இந்த ஆட்டத்தின் விதியை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். ஓரளவு சமைக்கத் தெரிந்த ஒரு பிரபலம், அடுப்படிப் பக்கமே போகாத ஒரு நகைச்சுவைக் கலைஞர், இருவரும் ஜோடி. யாருக்கு எந்தக் கோமாளி என்பது வாராவாரம் மாறும். சமைப்பவரின் கண்ணைக் கட்டுவார்கள், கையைக் கட்டுவார்கள், வாயால் மட்டும் சொல்லிக் கோமாளியின் கையால் செய்யவைப்பார்கள். கடைசியில் செஃப் தாமுவும் வெங்கடேஷ் பட்டும் தட்டைத் தொட்டுப் பார்த்து, ருசித்து, தீர்ப்புச் சொல்வார்கள்.

ஆட்டமாகப் பார்த்தால் இது கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. சோம்பு எது, சீரகம் எது என்று தெரியாத ஒருவர் கையில் குழம்பின் தலைவிதி இருக்கிறது. அவர் தப்பான டப்பாவை எடுத்தால் நமக்குச் சிரிப்பு. சமைப்பவருக்கோ அந்த வாரமே போய்விடலாம் என்கிற கிலி. சிரிப்பும் பதற்றமும் ஒரே கையிலிருந்து, ஒரே கரண்டியிலிருந்து கிளம்பின. முதல் சீசனில் பட்டம் வென்ற வனிதா விஜயகுமாரின் கண்டிப்புக்கு முன்னால் கோமாளிகள் நடுங்கியது சிரிப்பாக இருந்ததற்குக் காரணம், அவர் நிஜமாகவே ஜெயிக்க வந்திருந்தார்.

இரண்டாவது சீசன் 2020 நவம்பரில் தொடங்கி 2021 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று இறுதிப் போட்டியோடு முடிந்தது. கொரோனா காலம், வீட்டில் எல்லோரும் இருந்தார்கள் என்பது உண்மை. ஆனால் அதை மட்டும் சொல்லிவிட்டுப் போனால், அந்த சீசனின் பட்டத்தை வென்ற கனிக்குச் செய்கிற அநியாயம். ஒரு போட்டியாளர் வைத்த காரக்குழம்பே அவருக்குப் பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது அந்த சீசனில்தான். ஷகீலா இரண்டாமிடம், அஸ்வின் மூன்றாமிடம். யார் எதைச் சமைத்தார், எங்கே சறுக்கினார் என்று கோர்வையாகச் சொல்லக்கூடியவர்கள் நம் தெருவிலேயே இன்றும் இருக்கிறார்கள். ஐந்தாவது, ஆறாவது சீசனில் ஜெயித்த தட்டு எது என்று அவர்களிடமே கேட்டுப் பாருங்கள். யாருக்கு யாரோடு சண்டை என்று சொல்வார்கள், தட்டைச் சொல்ல மாட்டார்கள். தரம் குறைந்ததற்கு இதைவிடத் துல்லியமான அளவுகோல் கிடையாது.

தெரியாதவருக்குத் தெரிந்துவிட்டால்?

இரண்டாவது சீசன் பெற்ற வெற்றியே பின்னால் வந்த சீசன்களுக்குச் சுமையாகவும் ஆனது. அஸ்வினுக்குக் கதாநாயகன் வாய்ப்பு வந்தது. புகழ், சிவாங்கி, பாலா என்று கோமாளிகள் சினிமாவுக்குள் போனார்கள். அவர்கள் உழைப்புக்குக் கிடைத்த பலன் அது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதற்குப் பிறகு இந்த மேடைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் இது சினிமாவுக்குப் போகிற வாசல் என்று தெரிந்துவிட்டது. தட்டு நன்றாக வந்தால் போதும் என்று நினைத்தவர்கள் இருந்த இடத்தில், கேமரா நம் பக்கம் திரும்ப வேண்டும் என்று நினைப்பவர்கள் வந்து நின்றார்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. இரண்டு பெரிய செஃப்களின் பக்கத்தில் வருடக்கணக்காக நிற்கிற ஒரு கோமாளிக்குச் சமையல் தெரியாமலா போகும்? வெங்காயம் பொன்னிறமாவது எப்போது, மைதாவில் வெண்ணெய் எவ்வளவு என்றெல்லாம் தானாகவே பிடிபட்டிருக்கும். 2023 ஜனவரியில் தொடங்கிய நான்காவது சீசனில் கோமாளியாக இருந்த சிவாங்கி சமைப்பவர் பக்கத்துக்கே வந்துவிட்டார். என்னைக் கேட்டால் பிற்பாதி சீசன்களில் நடந்த மிக நேர்மையான முடிவு அதுதான். தெரியாதவர் கற்றுக்கொண்டார், அதனால் இடம் மாறினார். ஆட்டத்தின் தர்க்கத்துக்கு அது பொருந்தியது. ஆனால் கற்றுக்கொண்ட மற்ற கோமாளிகள் கோமாளிகளாகவே நீடித்தார்கள். தெரிந்தும் தெரியாத மாதிரி நடிக்க வேண்டியதாயிற்று.

நிஜமாகச் செய்த தப்புக்கும் நடித்துக் காட்டிய தப்புக்கும் வித்தியாசம் பார்ப்பவருக்கு ஒரு நொடியில் தெரிந்துவிடும். நடித்த தப்பு சமைப்பவரைக் கெடுக்கக்கூடாது என்பதால் அது அடுப்பை விட்டு விலகி நின்று நடக்கிறது. வேஷம் கட்டிக்கொண்டு ஒரு வசனம், ஒரு பாட்டு, ஒரு குத்தாட்டம். அந்த நேரத்தில் பின்னால் குக்கர் விசில் அடித்துக்கொண்டிருக்கிறது. கேமரா அங்கே இல்லை.

கட்டியக்காரன் கணக்கு

நம் மாவட்டத்துக்காரர்களுக்குக் கோமாளியை எடைபோடச் சொல்லித்தர வேண்டியதில்லை. திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்துகளில் விடிய விடியக் கட்டியக்காரனைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ராஜா திரைக்குப் பின்னால் நிற்கும்போதே அவரை யாரென்று கேட்டு வம்பிழுப்பது அவன் வேலை. ராஜாவைக் கிண்டலடிப்பான், உள்ளூர் விஷயத்தை இழுப்பான், தூங்கி வழிகிறவரை எழுப்புவான். ஆனால் அவன் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லித்தான் ராஜா தன் கதையைத் தொடங்கியாக வேண்டும். கட்டியக்காரன் வாயைத் திறந்தால் கதை ஒரு அடி முன்னால் நகரும். கதையை நிறுத்திவைத்துவிட்டுத் தனக்கென்று அரைமணி எடுத்துக்கொள்கிற கட்டியக்காரனைப் பார்த்தால், முன்வரிசைப் பெரியவர்களே “வேஷத்தை உள்ள வுடப்பா” என்று குரல் கொடுப்பார்கள்.

முதல் இரண்டு சீசன் கோமாளிகள் இந்தக் கணக்கில் தேறியவர்கள். அவர்கள் சேட்டையால் சமையல் நகர்ந்தது, அல்லது கவிழ்ந்தது. இரண்டில் எது நடந்தாலும் ஆட்டம் நடந்தது. பிற்பாடு வந்த சீசன்களில் கோமாளிகளின் திறமை குறையவில்லை. தனித்தனியாகப் பார்த்தால் கூடியிருக்கிறது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அவர்கள் கதையைத் தள்ளுவதில்லை, நிறுத்துகிறார்கள். ‘காமெடி ஜாஸ்தியாயிடுச்சு’ என்று பார்ப்பவர்கள் சொல்வது இதைத்தான். சிரிப்பு கூடினால் யார் கோபித்துக்கொள்வார்கள்? சிரிப்பு அடுப்பை விட்டு நகர்ந்ததுதான் உறுத்துகிறது.

நடுவர் மாறினால் ஆட்டம் சாகுமா?

அடிக்கடி கேட்கிற இன்னொரு குறை, வெங்கடேஷ் பட் போனதோடு எல்லாம் போச்சு என்பது. 2024 ஏப்ரல் 27 அன்று ஐந்தாவது சீசன் தாமுவோடு மாதம்பட்டி ரங்கராஜ் அமர்ந்து தொடங்கியது. அடுத்த மாதமே சன் டிவியில் ‘டாப் குக்கு டூப் குக்கு’ வந்தது. அங்கே வெங்கடேஷ் பட். பழைய தயாரிப்புக் குழுவும் அந்தப் பக்கம். பெயர் ஒரு சேனலில், கைப்பழக்கம் இன்னொரு சேனலில் என்று பிரிந்தபோது ரசிகர்களும் பிரிந்தார்கள். 2025 மே மாதம் ஆறாவது சீசன் தொடங்கியபோது மூன்றாவதாகச் செஃப் கௌஷிக்கும் வந்து அமர்ந்தார்.

பட் போனது இழப்புதான். ருசி பார்த்துவிட்டு எந்த இடத்தில் தப்பு என்று பளிச்சென்று சொல்வார், அடுத்த நிமிடமே கோமாளிகளோடு கோமாளியாக இறங்கிவிடுவார். ஆனால் நடுவர் மாற்றத்தால் மட்டும் ஓர் ஆட்டம் படுத்துவிடாது என்பதற்குச் சாட்சி வெளியில் இருக்கிறது. உலகத்தின் பெரிய பேக்கிங் போட்டியான ‘தி கிரேட் பிரிட்டிஷ் பேக் ஆஃப்’ 2010-இல் பிபிசியில் தொடங்கியது. 2017-இல் சேனல் 4-க்கு இடம் மாறியபோது நடுவர் மேரி பெர்ரி கூட வரவில்லை, தொகுப்பாளர்கள் மெல், சூ இருவரும் வரவில்லை. பழைய ஆள் என்று மிஞ்சியவர் பால் ஹாலிவுட் ஒருவர்தான். கதை முடிந்தது என்றார்கள். முடியவில்லை. காரணம், ஆட்டத்தின் எலும்புக்கூட்டை அவர்கள் தொடவில்லை. அதே கூடாரம், அதே மூன்று சுற்று. முதல் சுற்றில் பழகிய பண்டம். இரண்டாவதில் முன்கூட்டிச் சொல்லாத பண்டம்; அரைகுறைக் குறிப்பை வைத்துச் செய்ய வேண்டும், யார் செய்தது என்று தெரியாமலே நடுவர்கள் ருசி பார்த்து வரிசைப்படுத்துவார்கள். மூன்றாவதில் கண்ணைப் பறிக்கிற பெரிய படைப்பு. ஜெயித்தவருக்குப் பணமுடிப்புகூடக் கிடையாது, கேக் வைக்கிற ஒரு கண்ணாடித் தட்டுதான்.

அங்கேயும் ‘முன்ன மாதிரி இல்லை’ என்ற முணுமுணுப்பு உண்டு. அது எப்போது கிளம்பியது என்று பார்த்தால் நமக்குப் பாடம் கிடைக்கும். அபூர்வமாகக் கைகுலுக்கிப் பாராட்டிக்கொண்டிருந்த பால் ஹாலிவுட், 2018-இல் தாராளமாகக் கைகுலுக்கத் தொடங்கியபோது, பாராட்டு மலிவாகிவிட்டது என்றார்கள். 2022-இல் ‘மெக்சிகோ வாரம்’ என்று வைத்து, அந்த நாட்டு உணவைக் கேலிப் பொருளாக்கியபோது பெரிய எதிர்ப்பு வந்தது. அடுத்த ஆண்டு நாடுகளின் பெயரில் வாரம் வைப்பதையே விட்டார்கள். நடுவர் முகம் மாறியதைச் சகித்துக்கொண்ட ரசிகர், சோதனையும் தீர்ப்பும் தளர்ந்ததைச் சகிக்கவில்லை.

குப்பைத்தொட்டியும் கண்ணாடி ஜாடியும்

2014 ஆகஸ்டில் ஒளிபரப்பான, அந்தக் கூடாரத்தில் நடந்த ஒரு சம்பவத்தை விளையாட்டுச் செய்தி எழுதுகிற எவரும் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். ஐஸ்கிரீமை உள்ளே வைத்து, மேலே முட்டை வெள்ளைக்கரு நுரையை மூடிச் சுடுகிற ‘பேக்டு அலாஸ்கா’ அன்றைய பண்டம். இங்கிலாந்துக்காரர்கள் வெயில் என்று சொல்கிற ஒரு நாள். ஒரு போட்டியாளரின் ஐஸ்கிரீமை இன்னொருவர் ஃப்ரீசரிலிருந்து வெளியே எடுத்து வைத்ததாகக் காட்சி. அது இளகி வழிந்தது. ஆத்திரத்தில் அவர் மொத்தத்தையும் குப்பைத்தொட்டியில் போட்டார், நடுவர் முன்னால் அந்தத் தொட்டியையே கொண்டுபோய் வைத்தார். ருசி பார்க்க ஒன்றுமில்லை என்று அவரை வெளியே அனுப்பினார்கள். 800-க்கும் மேற்பட்ட புகார்கள் பறந்தன.

தீர்ப்பு சரியா, தப்பா என்று இன்றைக்கும் வாதாடலாம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஓர் ஐஸ்கிரீம் இளகியதற்கு ஒரு நாடே சண்டை போட்டது என்றால், அந்தத் தட்டில் ஏதோ பணயம் இருக்கிறது என்று ஒவ்வொருவரும் நம்பினார்கள் என்று அர்த்தம். 2018 இறுதிப் போட்டியில் கொல்கத்தாவிலிருந்து போன ராகுல் மண்டலின் கண்ணாடி ஜாடி வெடித்துச் சிதறியது. அவருக்குக் கூடுதலாக 15 நிமிடம் தந்தார்கள், அதைத் திரையிலும் சொன்னார்கள். அவரே பட்டமும் வென்றார். அதற்கும் முணுமுணுப்பு எழுந்தது. ஆனாலும் மழையால் ஓவரைக் குறைத்தால் கணக்கை வெளியே சொல்வது மாதிரி, சலுகையை மறைக்காமல் சொன்னார்கள். வாதம் ஆட்டத்துக்குள்ளேயே நின்றது.

இங்கே 2024 செப்டம்பரில் நடந்தது அதற்கு நேர் எதிர். தொகுப்பாளர் மணிமேகலை, தன் வேலையில் போட்டியாளர் ஒருவர் தலையிடுவதாகவும் சுயமரியாதைதான் முக்கியம் என்றும் சொல்லி சீசனின் கடைசிக் கட்டத்தில் விலகினார். யார் பக்கம் நியாயம் என்பது இந்தப் பத்தியின் வேலை இல்லை. ஆனால் இறுதிப் போட்டி நெருங்குகிற வாரங்களில் மாநிலமே பேசியது மைக்கைப் பற்றி. குழம்பைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

பேக்கரி மாஸ்டர் பார்க்கிற ஆட்டம்

பென்னாகரம் சாலையில் ஒரு பேக்கரி. பெங்களூரில் வேலை கற்றுக்கொண்டு வந்த மாஸ்டர் அங்கே பப்ஸுக்கு மாவு மடித்துக்கொண்டே செல்போனில் இத்தகைய போட்டிகளைப் பார்ப்பார். வசனம் காதில் விழுகிறதோ இல்லையோ, ஓவன் கதவு திறக்கிற இடத்தில் மட்டும் நிமிர்வார். ஒரு போட்டியாளர் பாதி வெந்த ஸ்பாஞ்சை எட்டிப் பார்க்கக் கதவைத் திறந்தால், “போச்சு, நடுவுல அமுங்கிடும்” என்பார். பத்து நிமிடம் கழித்து அமுங்கித்தான் இருக்கும்.

பேக்கிங் தொலைக்காட்சிக்கு ஏன் இவ்வளவு பொருந்துகிறது என்பதற்கு அந்த ஒரு பார்வை போதும். குழம்பில் உப்புக் குறைந்தால் கடைசி நிமிடத்தில் போட்டுக்கொள்ளலாம், புளி கூடினால் வெல்லம் கிள்ளிப் போடலாம். கேக்கில் அப்படி இல்லை. மாவு டின்னில் இறங்கி, கதவு மூடிய பிறகு கைவைக்க வழியில்லை. முட்டையும் மாவும் இறுகி நிற்பதற்கு முன்னால் குளிர்காற்று பட்டால் உள்ளே உப்பியிருந்த குமிழ்கள் சுருங்கி, நடு அமுங்கும். தப்பு எப்போது நடந்தது, யாரால் நடந்தது, அதற்கு என்ன விலை என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. வீட்டிலிருந்தே கேக் செய்து விற்கிற பெண்கள் ஊருக்கு ஊர் பெருகிவிட்ட காலம் இது. பார்ப்பவர் கூட்டத்தில் பாதிப் பேர் இன்றைக்கு விவரம் தெரிந்த நடுவர்கள். அவர்களிடம் நடித்த தப்பு செல்லாது.

ஆனால் இந்த நிமிடங்களைத்தான் தொகுப்பு மேசையில் வெட்டுகிறார்கள். ஒரு நிமிடத் துணுக்காக யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் ஓடப்போவது எது என்று பார்த்து நிகழ்ச்சியைக் கட்டினால், ஸ்பாஞ்ச் உப்புவதற்கு அதில் இடம் கிடையாது. ஒரு வசனமும் ஒரு கண்ணடிப்பும் போதும். கோமாளி ஜெயிக்கிறார், அடுப்பு தோற்கிறது. விக்கெட் துணுக்கை மட்டும் பார்த்தால் பந்துவீச்சாளர் எப்படி வலை பின்னினார் என்று தெரியாது. முழு ஆட்டத்தையும் துணுக்குக்காகவே ஆடினால் வலையே இருக்காது.

மார்க் எங்கே?

‘குக் வித் கோமாளி’யில் வென்றவர்கள் பட்டியலைக் காட்டி ஒரு சந்தேகத்தைச் சிலர் கிளப்புகிறார்கள். வனிதா, கனி, ஸ்ருத்திகா, மைம் கோபி, பிரியங்கா, ராஜு. கடைசி இருவரும் அந்தச் சேனலின் வீட்டுப் பிள்ளைகள் மாதிரி. ஒருவர் நீண்டகாலத் தொகுப்பாளர், இன்னொருவர் அதே சேனலின் பிக் பாஸ் வெற்றியாளர். அதை வைத்து முடிவு முன்பே எழுதப்பட்டது என்று சொல்வது அவசரம். முதல் சீசன் வனிதாவும் பிக் பாஸ் வீட்டிலிருந்து வந்தவர்தான், அப்போது யாரும் அப்படிக் கேட்கவில்லை. அப்போது தட்டைப் பார்த்துவிட்டோம், நம்பினோம். இப்போது தட்டைக் காட்டாமல் முடிவை மட்டும் காட்டினால் சந்தேகம் வரத்தான் செய்யும்.

சிங்கப்பூரில் பிறந்த தமிழர் சசி செல்லையா 2018-இல் ‘மாஸ்டர்செஃப் ஆஸ்திரேலியா’வை வென்றபோது அவர் இறுதிப் போட்டியில் வாங்கியது 100-க்கு 93. சிறைக் காவலராக வேலை பார்த்தவர், எந்தச் சேனலின் முகமும் இல்லை. அந்த எண் திரையில் வந்தது, எந்த நடுவர் எவ்வளவு கொடுத்தார் என்பதும் வந்தது. இன்றைக்கும் அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் முதலில் எழுதுவது அந்த 93-ஐத்தான். நம் போட்டிகளிலோ “சூப்பரா இருக்கு” என்ற பாராட்டுத்தான் அதிகம். எல்லாத் தட்டும் சூப்பர் என்றால் ஒருவர் வெளியே போவது எதனால்?

ஏழாவதுக்கு முன்

அடுத்த சீசனுக்கு மூன்று காரியம் செய்தால் போதும். முதலாவது, நிஜமாகவே சமைக்கத் தெரியாத புதியவர்களைக் கோமாளியாகக் கொண்டுவருவது. பழையவர்கள் விரும்பினால் சிவாங்கியைப் போல அடுப்புப் பக்கம் வரட்டும். இரண்டாவது, வாரத்துக்கு ஒரு சுற்றாவது யார் செய்தது என்று தெரியாமல் நடுவர்கள் ருசி பார்ப்பது. அதற்குப் பண்டம் தேடி வெளிநாடு போக வேண்டாம். 2023-இல் ரேஷன் கடையில் இரண்டு கிலோ கேழ்வரகு தரும் திட்டத்தை நீலகிரியோடு தருமபுரியில்தான் முதலில் தொடங்கினார்கள். அந்தக் கேழ்வரகு மாவைக் கொடுத்துக் களி கிண்டச் சொல்லட்டும். தண்ணீர் அளவு தப்பினால் கூழ், துடுப்பு சுணங்கினால் கட்டி. கோமாளி துடுப்பைப் பிடிக்க, சமைப்பவர் தள்ளி நின்று வாயால் மட்டும் சொல்லட்டும். உருண்டையை உடைத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளை மாவு இருக்கிறதா என்று நடுவருக்கு முன்னால் நமக்கே தெரிந்துவிடும். மூன்றாவது, மார்க்கைத் திரையில் போடுவது.

யார் நடுவர், யார் தொகுப்பாளர், எந்தப் பிரபலம் உள்ளே வருகிறார் என்ற முன்னோட்டங்கள் வழக்கம்போல வரும். அதற்கு முன்னால் விதி என்ன என்ற அறிவிப்பு வரட்டும். அது தெளிவாக இருந்தால், யாரை உட்காரவைத்தாலும் பார்க்க நாங்கள் தயார்.